யன்னலுக்கேற்ற திரை

யன்னலைக் குறிக்கப் பழந்தமிழில் காலதர் என்றொரு சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். திரைச்சீலை வாங்கப் புறப்படுவோர் இச்சொல்லை மனத்திற் கொள்வது நன்று. நிறத்தையும் பூவேலையையும் மட்டும் பார்த்து வாங்கிய கனத்த சீலை, வருகின்ற காற்றை மறித்து, அறையைப் புழுக்கமாக்கிவிடும். ஒரே வீட்டிலும் யன்னல்கள் யாவும் ஒரே இயல்பினவல்ல. ஆகவே எல்லாவற்றிற்கும் ஒரே துணி பொருந்தாது.

முதலில் அறிய வேண்டியது யன்னல் நோக்கும் திசை. இலங்கை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்திருக்கிறது. ஆதலால் நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் வானில் உயரவே நிற்கிறது. வடக்கு, தெற்கு யன்னல்களுக்குத் தாழ்வாரமே பெரும்பாலும் நிழல் தந்துவிடும். மெல்லிய பருத்திச் சீலை அவற்றிற்குப் போதும். கிழக்கு, மேற்கு யன்னல்களின் நிலை வேறு. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால், கதிர்கள் தாழ்வாரத்தின் கீழாக நுழைந்து அறையின் உட்புறம் வரை பாய்கின்றன. காலை வெயில் இரவிற் குளிர்ந்த வீட்டில் விழுகிறது. மாலை வெயிலோ, பகல் முழுவதும் சூடேறிய வீட்டிற்கு மேலும் சூடு சேர்க்கிறது. அத்தகைய அறையில் நோயாளியோ கைக்குழந்தையோ படுத்திருப்பின் அவர்கள் படும் துன்பம் சிறிதன்று.

மேற்கு யன்னலுக்குத் தடித்த சீலையை உள்ளே தொங்கவிடுவது பலரது வழக்கம். ஆனால் கண்ணாடியைக் கடந்துவந்த வெயில் சீலையைச் சூடாக்க, அச்சூட்டின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெயிலை வெளியிலேயே தடுப்பதுதான் அறிவுடைமை. விறாந்தையின் ஓரத்தில் மூங்கில் தட்டியையோ ஓலைத் தட்டியையோ தொங்கவிட்டால், வெயில் மறைய, இடுக்குகளினூடே காற்று வந்துகொண்டிருக்கும். அதற்கு வசதியில்லாத இடத்தில், யன்னற்பக்கம் வெண்ணிற உட்துணி வைத்துத் தைத்த சீலை ஓரளவு வெயிலைத் திருப்பியனுப்பும்.

படிக்கும் அறைக்குச் சாய்த்துத் திருப்பக்கூடிய தகடுகள் கொண்ட திரை ஏற்றது. கூசும் ஒளியைத் தடுத்து, வேண்டிய வெளிச்சத்தை அது விடும். தெருவை நோக்கிய யன்னலுக்குக் கீழ்ப்பாதியில் மட்டும் சீலையிட்டால், மறைவும் கிடைக்கும். மேற்பாதியால் காற்றும் வரும். அடுப்புக்கு அருகில் அசையும் சீலை எதுவும் ஆகாது. காற்றில் ஒருமுறை பறந்து நெருப்பைத் தொட்டாற் போதும், வீட்டிற்கே கேடாகும். அறைவாயிற் சீலை நிலத்திலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். நிலத்தில் இழுபடும் சீலை அழுக்கேறுவதோடு முதியோரின் காலையும் இடறும்.

இனி அளவு. யன்னலின் அகலம் 4 அடியாயின், இருபுறமும் அரை அடி நீளுமாறு 5 அடிக் கம்பி கொள்ளலாம். அழகிய மடிப்பு விழுவதற்குத் துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை, அதாவது ஏழரை அடி முதல் 10 அடி வரை வேண்டும். பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுக. வெட்டித் தைத்தபின் சுருங்கினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

இறுதியாக ஒன்று. ஏற்றி இறக்கும் திரைகளின் கயிறு, தவழும் குழந்தைக்கும் நடை பழகும் குழந்தைக்கும் கொடிய ஆபத்து. கழுத்திற் சுற்றிய கயிறு சில நிமிடங்களில், ஓசையின்றியே, உயிரைப் பறித்துவிடும். பல நாடுகளில் குழந்தைகள் இவ்வாறு மாண்டிருக்கின்றனர். குழந்தையுள்ள வீட்டிற்குக் கயிறில்லாத திரையே தக்கது. கயிறுள்ளதாயின், அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், சுவரில் அறைந்த கொளுவியிற் சுற்றிவைத்தல் வேண்டும்; தொட்டிலையும் கட்டிலையும் யன்னலருகே வைத்தலாகாது. வெயிலையும் பிறர் பார்வையையும் மறைப்பதற்கென வாங்கிய திரை வீட்டாருக்குக் காவலாக இருக்க வேண்டுமேயன்றிக் கண்ணியாக ஆகிவிடலாகாது.