செட்பேக்கில் மண் எங்கே?

செஞ்சியில் மனை வாங்கினால் வாஸ்துக்காரரைக் கூப்பிடும் முன்பே டேப்பைக் கையில் எடுக்க வேண்டும். கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுவீடு கட்ட முடியாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தொல்லியல் தரப்பின் தடையில்லாச் சான்று வேண்டும். 2010 சட்டத் திருத்தம் உறுதிப்படுத்திய கோடு இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். கெடுபிடி இனி குறையப் போவதில்லை.

கோட்டைக்குத் தள்ளி இருப்பவர்களுக்கு வேலை சுலபம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று போதும். ஆன்லைனில் பணம் கட்டினால் அனுமதி வந்துவிடும். இந்த அளவு வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் பிளானில் வரைந்த மழைநீர்க் குழியும் மரமும் நிஜமாகவே வந்ததா என்று யார் பார்ப்பது?

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். இன்று புதுவீடுகளைச் சுற்றிப் பாருங்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம், வீட்டைச் சுற்றி விடும் காலியிடமான செட்பேக் முழுக்க பேவர் பிளாக் இறங்குகிறது. மாடியிலிருந்து வரும் குழாய் நேராகத் தெருவைப் பார்க்கிறது. குழி இருக்கிற வீட்டிலும் அதன் மூடிமேல் கார் நிற்கிறது. செடி ஆசைக்கு வாசலில் நாலு தொட்டி!

மண் விட்டால் சேறு, பாம்பு வரும், வண்டி நிறுத்த இடமில்லை என்பார்கள். இருக்கட்டும், வண்டிச் சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதிக்கலாமே.

கணக்கு எளிது. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். 2024 ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சங்கராபரணி ஆறு பெருக்கெடுத்தது. அத்தனையையும் ஒரு வீட்டுக் குழி குடித்துவிடாது. ஆனால் தெரு முழுக்கக் கல் பாவினால் சாதாரண ஐப்பசி மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வரும். சித்திரையில் போர்வெல் காற்றைத்தான் இறைக்கும்.

செஞ்சியில் பாறைமேல் கோட்டை கட்டியவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது. கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் குளங்கள். மலைமேலும் தண்ணீருக்கு ஏற்பாடு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்திருந்தும் மராட்டிய மன்னர் ராஜாராமின் இந்தக் கோட்டை தாக்குப்பிடித்தது என்றால் கொத்தளங்கள் மட்டுமா காரணம்? அந்தக் குளங்களோடு செல்ஃபி எடுத்துவிட்டு வந்து, நம் வாசலுக்குச் சிமென்ட் பூசுகிறோம்.

புல்தரை வேண்டாம், அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. வேம்பு, புங்கன் இரண்டில் ஒன்றை அஸ்திவாரத்துக்குத் தள்ளி நடுங்கள். மாடிக் குழாயைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட குழிக்குத் திருப்புங்கள். பேவர் பிளாக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், பிளானில் இருக்கும் அந்தக் குழியைத் திறந்து காட்டச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். காட்டாவிட்டால் கணக்குத் தீர்க்காதீர்கள்.