நிலவுருவங்களும் தேடற்பொறியும்

சொற்களை அகரவரிசையில் நிறுத்தலாம். ஆண்டுகளை ஏறுவரிசையில் நிறுத்தலாம். வரிசை அமைந்தவிடத்து அட்டவணை எளிதாகும். அட்டவணை அமைந்தவிடத்துத் தேடல் விரையும். ஆயின் ஓர் ஏரியையும் ஒரு மாவட்டத்தையும் எவ்வரிசையில், எதன் முன் எதனை நிறுத்துவது? நிலப்பரப்பு கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் விரிவது; அட்டவணையோ ஒரே கோட்டிற் செல்வது. கணினித் தேடற்பொறிகளை ஆக்குவோர் நெடுங்காலம் எதிர்ப்பட்ட இடர் இதுவேயாகும்.

ஒவ்வோர் உருவத்தையும் ஒரு நீள்சதுரத்துள் அடக்கி, அந்நீள்சதுரங்களைக் கிளை கிளையாகத் தொகுத்து வைத்தல் ஒரு வழி. 1984இல் அந்தோனின் குற்மன் வகுத்த 'ஆர்-மரம்' இத்தகையது. ஆயினும் நீள்சதுரம் உருவமன்று. சிலி நாட்டை நோக்குக. ஒடுங்கி நெடிதாய்க் கிடக்கும் அந்நாட்டை அடக்கும் நீள்சதுரத்துள் ஆர்செந்தீனாவின் மெண்டோசா நகரும் அகப்பட்டுவிடும். பின்னர் உண்மை எல்லையோடு ஒப்பிட்டே அந்நகரை விலக்கல் வேண்டும்.

மற்றொரு வழி கட்டமுறை. 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த மோற்றன் என்பார், ஒரு கட்டத்தின் நெடுக்கெண்ணையும் குறுக்கெண்ணையும் இலக்கம் இலக்கமாகப் பின்னி ஒரே எண்ணாக்கும் முறையைக் காட்டினார். கட்டம் எண்ணாயிற்று, எண்ணைச் சொல்லாகக் கொள்வதில் தடையில்லை. சொற்களைத் தேடுதற்கென 1999இல் டக் கற்றிங் எழுதிய 'லூசீன்' என்னும் மென்பொருளுள் நிலவுருவங்கள் பின்னாளில் இவ்வாறு சொல்வேடம் பூண்டே புகுந்தன. உருவத்தின் உட்புறத்தைப் பெருங்கட்டங்களாலும் ஓரத்தைச் சிறுகட்டங்களாலும் நிரப்புவர்.

செலவு ஓரத்திலேதான் நேர்கின்றது. எல்லை 1,000 கிலோமீற்றர் நீளமாயின், 1 மீற்றர்க் கட்டங்களால் அதனை மூடுதற்கு ஏறத்தாழ 10 இலட்சம் கட்டங்கள் வேண்டும். கட்டத்தைப் பெரிதாக்கினாலோ, எல்லைக்கு அப்பாலுள்ள வீடு இப்பாலுள்ளதாகக் காட்டப்படும். வரியும் வாக்குரிமையும் எல்லையைப் பற்றி நிற்பன. ஆதலின் இப்பிழையைச் சிறிதென்று தள்ளுதல் தகாது.

2018இல் லூசீன் மென்பொருளிற் சேர்ந்த முறை கட்டங்களைக் கைவிட்டு முக்கோணங்களைப் பற்றியது. துளையற்ற பல்கோணத்திற்கு 1,000 முனைகள் இருப்பின், அதனை 998 முக்கோணங்களாகப் பிரிக்கலாம். இது கேத்திரகணிதம் பயில்வோர் அறிந்ததே. ஒவ்வொரு முக்கோணமும் ஏழு எண்களாகப் பதிவுறும். அதனை அடக்கும் நீள்சதுரத்தின் எல்லைகள் நான்கு. எஞ்சிய மூன்றும் முக்கோணத்தை மீள அமைத்தற்கு உரியன. நீள்சதுரம் இங்கும் உளதே எனின், உண்மை. ஆனால் அது நாட்டை அடக்குவதன்று, சிறு துண்டொன்றை அடக்குவது. ஆகவே வீணிடம் பெரிதும் சுருங்கும். நெட்டாங்கு 32 துவித இலக்கங்களாற் குறிக்கப்படுதலின், மத்தியகோட்டிலும் அதன் வழு 1 சென்ரிமீற்றரைக் கடவாது.

இம்முக்கோணங்களை மீண்டும் மீண்டும் இருகூறாக்கி ஒரு மரமாக அடுக்குவர். தேடும் இடத்தோடு தொடர்பற்ற கிளை முழுவதும் ஒரே நோக்கிற் கழியும். முற்றாக உள்ளடங்கிய கிளை ஆராயாமலே ஏற்கப்படும். ஓரத்தில் வெட்டுண்ணும் கிளைகளுக்கே உழைப்பு வேண்டும். 10 இலட்சம் முக்கோணங்களுள் ஒன்றை அடைதற்கு ஏறத்தாழ 20 பகுப்புகள் போதும்.

தன்னைத்தானே வெட்டிச் செல்லும் எல்லைக்கோட்டை இம்முறை ஏலாது. வரைந்தவரிடமே அது திரும்பும். பீஜித் தீவுகளைப்போல 180ஆம் பாகை நெட்டாங்கின் இருமருங்கும் கிடக்கும் நிலத்தையும் முன்னரே இரண்டாகப் பிரித்தே கொடுத்தல் வேண்டும்.