முள் சொன்ன கணக்கு

மோட்டார் வண்டியின் முன்பலகையில் பெட்ரோல் அளவு காட்டும் முள் அசையாமல் கிடந்தால் என்ன செய்வது? “கேஜை மாற்றிவிட வேண்டியதுதான்” என்று சொன்னவன் நானேதான். 2023ஆம் ஆண்டு மழைக்காலம் அது. நான் மின்பொறியியலில் இரண்டாமாண்டு மாணவன். கோவண்டியில் இருக்கும் என் பெரியப்பா ஒரு பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறார். டிராம்பேயில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் “படிக்கிற பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும்” என்று உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பத்மினியை அறியாத பம்பாய்த் தமிழர் உண்டோ? கோவண்டியிலிருந்து ஹார்பர் ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் குர்லா. அங்கேதான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த வண்டி, 1974இல் பத்மினி என்னும் பெயர் பெற்றது. கறுப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு நகரமெங்கும் டாக்சியாக ஓடிற்று. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உள்ளதால், 2023 அக்டோபர் இறுதியோடு அந்த ஓட்டம் நின்றது. சொந்த வண்டிகளாகச் சில இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு உதிரிப் பொருள் கிடைப்பதுதான் அரிது. கிடைத்ததை மாட்டு என்பதே பலர் வழி. நானும் அப்படித்தான் செய்தேன். குர்லாவில் பழைய சாமான் கடையொன்றில் வேறொரு காரின் கேஜ் கிடைத்தது; வட்டம் பொருந்தியது, வாங்கி வந்தேன். மாட்டும்போது டேங்கின் மேலுள்ள கம்பியையும் கொஞ்சம் இழுத்து அசைத்தேன். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து நின்றது! வீட்டில் எனக்கு அன்று பாயசம்.

ஒரு மாதம் கழிந்தது. ஓர் இரவு பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். நல்ல மழை. முள் கால் டேங்குக்கு மேலே காட்டிற்று. சயான்–டிராம்பே சாலையில், செம்பூர் டைமண்ட் கார்டன் அருகே வண்டி விக்கி விக்கி நின்றது. டேங்கில் பெட்ரோல் இல்லை. கையை ஆட்டி ஆட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தி மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா தேறிவிட்டார். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏலே, முள்ளு கால்ங்குது, டேங்க் காலிங்குது. ரெண்டுல எது நெசம்?”

தேர்வில் ஓம் விதிக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். எனக்கு அந்த மதிப்பெண் அன்று கசந்தது.

இந்தக் கருவி வேலை செய்யும் முறை எளியது. டேங்கிற்குள் ஒரு மிதவை. மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்பார்கள். பெட்ரோல் ஏற இறங்க அதன் கையும் ஏறி இறங்கும். கையின் நுனி, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு பட்டையின்மேல் உரசிச் செல்லும். அந்த இடத்திற்கு ஏற்ப மின்தடை கூடும், குறையும். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் சாவி வழியே கேஜுக்கு வந்து, ஒற்றைக் கம்பியில் பின்னால் ஓடி, ஃப்ளோட்டைக் கடந்து, வண்டியின் உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. கேஜ், கம்பி, ஃப்ளோட் ஆகிய மூன்றையும் எல்லோரும் நினைப்பார்கள். திரும்பி வரும் பாதையை, அதாவது எர்த்தை, யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

ஆகவே எதையும் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. செலவு ஒரு முழம் கம்பி. சாவியை அணைத்துவிட்டு, ஃப்ளோட்டிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். அதன் நுனி எதிலும் படாதபடி வைத்துச் சாவியைத் திருப்பினால் முள் ஒரு கோடியில் நிற்க வேண்டும். மறுபடி அணைத்து, நுனியை வண்டியின் துருவற்ற இரும்பில் இணைத்துத் திருப்பினால் மறுகோடிக்குச் செல்ல வேண்டும். எந்தக் கோடி காலி, எந்தக் கோடி நிறைவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில நொடி பார்த்தாலே போதும். சில வகைகளில் முள் சட்டென்று ஓடும். சூட்டால் வளையும் இரட்டை உலோகத் தகடு உள்ளவற்றில் மெல்ல நகரும், பதற வேண்டாம். முள் இரு கோடிக்கும் சென்றால் கேஜும் கம்பியும் உயிரோடு உள்ளன. நோய் டேங்கின் பக்கம். ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்தபிறகே கம்பியைத் தொட வேண்டும். பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதுமன்றோ?

பெரியப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். முள் இரு கோடிக்கும் சென்றது. பிறகு கம்பியைப் பழையபடி மாட்டி, ஃப்ளோட்டின் மேல்தகட்டிலிருந்து வண்டி உடலுக்குத் தனியாக ஒரு கம்பி கொடுத்தோம். முள் துள்ளி இடம் மாறியது. எர்த் அரைகுறையாக இருந்திருக்கிறது! கோவண்டியின் உப்புக் காற்றும் மழையும் திருகின் அடியில் துருவை வளர்த்துவிட்டன. நான் அன்று கம்பியை அசைத்தபோது துரு சற்று விலகியிருக்கிறது. அதை என் புதுக் கேஜின் வெற்றி என்று எண்ணிப் பாயசம் குடித்திருக்கிறேன். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, திருகை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம்.

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. கேஜும் ஃப்ளோட்டும் ஒன்றுக்கொன்று ஜோடி. பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். ஜெர்மனியின் விடிஓ வகையொன்றில் 10 முதல் 180 வரை. வேறு சிலவற்றில் கணக்கே தலைகீழ். காலியில்தான் தடை அதிகம். ஒன்றின் கேஜை இன்னொன்றின் ஃப்ளோட்டோடு கட்டினால் முள் அழகாக ஆடும். சொல்லும் அளவு மட்டும் தவறு. நான் வாங்கி வந்தது அப்படிப்பட்டதே. நல்லவேளை, பெரியப்பா எதையும் தூக்கி எறியாதவர். பழைய கேஜ் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது. நான் செத்துவிட்டது என்று தீர்ப்பளித்த அதே கேஜ், எர்த் சரியானதும் பழுதின்றி வேலை செய்தது.

ஃப்ளோட்டையே கழற்ற நேர்ந்தால் முதலில் பாட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிடுங்கள். திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்யுங்கள். வெளியே எடுத்த பின் மல்டிமீட்டரை இணைத்துக் கையை அடியிலிருந்து மேல்வரை மெதுவாக நகர்த்தினால் ஓம் கணக்கு சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்து அறுந்து வந்தால் பட்டை தேய்ந்துவிட்டது. மிதவையைக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று ஒலித்தால் அது ஓட்டை. பெட்ரோல் புகுந்து மூழ்கிக் கிடக்கும், டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலி என்றே சொல்லும். கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். பன்னிரண்டு வோல்ட்டை நேராக ஃப்ளோட்டுக்குக் கொடுத்துப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் சூடு காட்டும் மின்கேஜுக்கும் பெரும்பாலும் இதே சோதனைதான். அங்கே ஃப்ளோட்டுக்குப் பதில் சூடேறினால் தடை குறையும் ஒரு சிறு சென்சார். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நாளில் படுத்தால் இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸையும், பழைய ஆங்கிலேய வகை வண்டிகளானால் மின்னழுத்தத்தைச் சுமார் 10 வோல்ட்டில் நிறுத்தும் ஸ்டெபிலைசரையும் முதலில் பாருங்கள்.

கடைசியாக அளந்து பார்த்தோம். காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தை ஒரு அட்டையில் குறித்தோம். பெரியப்பா அந்த அட்டையைச் சாவிக்கொத்தோடு கட்டி வைத்திருக்கிறார். நான் வாங்கிய கேஜ் இப்போது பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.