ஆமை காரும் முயல் கார்களும்

விடிகாலை நாலு மணிக்கே எழுந்து, காபிகூடக் குடிக்காமல் ஓடிப்போய் ரயில்வே ரிசர்வேஷன் க்யூவில் முதல் ஆளாக நிற்கிறீர்கள். எட்டு மணிக்குக் கவுன்ட்டர் திறக்கப்போகிற சமயம், க்யூவின் நடுவே ஒரு பெரியவர் மயங்கி விழுகிறார். 'எல்லாரும் கொஞ்சம் விலகுங்க... மறுபடி வரிசையா நில்லுங்க' என்று போலீஸ்காரர் லத்தியை ஆட்டுகிறார். திரும்பிப் பார்த்தால், இப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கிய ஆசாமி உங்கள் முதுகோடு முதுகாக! உங்களுக்கு நாலு மணி நேரம் நின்ற கால்வலி. அவர் காலிலோ புத்தம் புது ஷூ. கவுன்ட்டர் திறந்ததும் யார் முதலில் ஓடியிருப்பார்?

மயங்கியவரைத் தூக்கியே ஆகவேண்டும். அதில் தகராறு இல்லை. ஆனால் உங்கள் நாலு மணி நேரத்துக்கு என்ன பதில்?

ஃபார்முலா ஒன் கார் ரேஸில் 'சேஃப்டி கார்' பற்றி வருஷக்கணக்காக நடக்கும் சண்டை இதுதான்.

டிராக்கில் ஒரு கார் மோதி நொறுங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே உச்சியில் ஆரஞ்சு விளக்கு மின்ன ஒரு கார் உள்ளே வரும். ரேஸ் கார்கள் எல்லாம் சமர்த்தாக அதன் பின்னால் வரிசை கட்டவேண்டும். முந்தக்கூடாது. டிராக் சுத்தமானதும் விளக்கு அணையும், சேஃப்டி கார் ஒதுங்கும், ரேஸ் மீண்டும் சூடு பிடிக்கும். 2000-லிருந்து இதை ஓட்டிப் பெயர் வாங்கியவர் ஜெர்மனியின் பெர்ன்ட் மைலாண்டர். அவர் ஓட்டுகிற வேகத்தில் நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் குலதெய்வம் ஞாபகம் வரும். ரேஸ் டிரைவர்களுக்கோ அது ஊர்வலம்! 2022-ல் மெல்போர்னில், சேஃப்டி காராக வந்த ஆஸ்டன் மார்ட்டினை 'ஆமை' என்றே நக்கலடித்தார் வெர்ஸ்டாப்பன்.

இந்த ஆமை அவசியம்தானா?

1977 மார்ச். தென் ஆப்பிரிக்காவின் க்யாலாமி. ஓரமாக நின்றுபோன ஒரு காரில் சின்னதாகத் தீ. அணைக்க, கையில் சிலிண்டரோடு டிராக்கின் குறுக்கே ஓடினான் ஒரு மார்ஷல். வயசு 19. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து முழு வேகத்தில் வந்தது டாம் ப்ரைஸின் கார். பையன் அங்கேயே போனான். அவன் பிடித்திருந்த சிலிண்டர் தலையில் மோதி, ப்ரைஸும் போனார். அப்போது சேஃப்டி கார் என்ற வழக்கமே கிடையாது.

சரி, வழக்கம் வந்த பிறகு? 2014 அக்டோபர், ஜப்பானின் சுஸுகா. கொட்டும் மழை. வழுக்கி ஒதுங்கிய ஒரு காரைத் தூக்க க்ரேன் வண்டி வந்திருந்தது. மஞ்சள் கொடி காட்டினார்கள். சேஃப்டி காரை அனுப்பவில்லை. அதே இடத்தில் வழுக்கிய ஜூல்ஸ் பியாங்கி அந்த வண்டியிலேயே போய் மோதினார். ஒன்பது மாதம் நினைவே திரும்பாமல் கிடந்து, 2015 ஜூலையில் இறந்தார். வயசு 25.

ஆகவே, 'அவசியமா?' என்பதற்கு நான் ரெண்டாவது தடவை யோசிக்கமாட்டேன். அவசியம்.

'நியாயமா?' என்றால்தான் தலையைச் சொறியவேண்டியிருக்கிறது.

ஒருவர் உயிரைக் கொடுத்து ஓட்டி 15 செகண்ட் முன்னிலை சேர்த்திருப்பார். சேஃப்டி கார் வந்தால் அத்தனையும் ஸ்வாஹா. இன்னொரு கூத்தும் உண்டு. டயர் மாற்ற ஒருமுறை பிட்டுக்குள் போய்வந்தால் சாதாரணமாக 20 செகண்டுக்கு மேல் நஷ்டம். எல்லோரும் மெதுவாகப் போகும்போது அதே வேலையை ஏறக்குறைய பாதி நஷ்டத்தில் முடித்துவிடலாம். ஆடித் தள்ளுபடி மாதிரி! போன சுற்றில் முழு விலை கொடுத்தவர் பாடு, பாவம்.

இந்தத் தள்ளுபடியைத் தடுக்க 2007-ல் பிட்டுக்கே பூட்டுப் போட்டார்கள். சேஃப்டி கார் வந்தால், எல்லோரும் வரிசைக்கு வரும்வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது. பெட்ரோல் தீரப்போகிறவர் என்ன செய்வார்? நுழைந்து தண்டனை வாங்குவார். அந்தப் பூட்டிலேயே ஓட்டை கண்டுபிடித்தது 2008 சிங்கப்பூர். ரெனோ அணியின் அலோன்ஸோ 15-வது இடத்தில் கிளம்பி, 12-வது சுற்றிலேயே பிட்டுக்குப் போய் வந்துவிட்டார். அடுத்த ரெண்டு சுற்றுக்குள் அதே அணியின் பிகே ஜூனியர் சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. மற்றவர்களெல்லாம் மாட்டிக்கொள்ள, அலோன்ஸோ ஜெயித்தார். 'அட, என்ன அதிர்ஷ்டம்' என்றார்கள். மறுவருஷம்தான் குட்டு உடைந்தது: வேண்டுமென்றே மோதச் சொல்லியிருக்கிறார்கள்! பூட்டும் 2009-ல் போயே போச்சு.

பூட்டினாலும் லாட்டரி, திறந்தாலும் லாட்டரி. பரிசு விழும் ஆள்தான் வேறு.

பியாங்கிக்குப் பிறகு, 2015-ல் வந்தது விர்ச்சுவல் சேஃப்டி கார். உள்ளே காரே வராது. எல்லோரும் அவரவர் இடத்திலேயே வேகத்தைக் குறைக்கவேண்டும். முன்னிலையும் அப்படியே இருக்கும். 'பேஷ்! அப்புறம் நிஜக் கார் எதற்கு?' என்பீர்கள். அங்கேதான் விஷயம். விர்ச்சுவலில் கார்கள் டிராக் முழுக்கச் சிதறி, ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். நிஜ சேஃப்டி கார் எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கட்டி இழுத்துப் போகும். கொத்து போனதும் டிராக் கொஞ்ச நேரம் காலி. அந்த இடைவெளியில்தான் மார்ஷல்கள் இறங்கிக் கண்ணாடித் துண்டு பொறுக்கி, காரைத் தூக்கி, ஓடி வரமுடியும். நாம் அநியாயம் என்று திட்டுகிறோமே, அந்தக் 'கொத்து'தான் அவர்கள் உயிரைக் காக்கிறது.

அப்படியானால் 2021 அபுதாபியில் மட்டும் உலகமே ஏன் கொதித்தது? ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 பாயின்ட். கடைசி ரேஸ். 58 சுற்றில் 53-வதில் லத்தீஃபி மோத, சேஃப்டி கார். பின்னால் இருந்த வெர்ஸ்டாப்பன் பிட்டுக்குப் போய்ப் புது டயர் மாட்டினார். ஹாமில்டன் போயிருந்தால் முதலிடம் போயிருக்கும், போகவில்லை. இதுவரை நடந்தது வெறும் அதிர்ஷ்டம். ஒப்புக்கொள்ளலாம்.

இதற்கு மேல்தான் வில்லங்கம். ஒரு சுற்று பின்தங்கிய கார்கள் அத்தனையையும் முன்னே விடுவதுதான் வழக்கம். ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாஸி, இருவருக்கும் நடுவே இருந்த ஐந்து கார்களை மட்டும் விட்டார். சேஃப்டி காரையும் ஒரு சுற்று முன்னதாகவே உள்ளே அழைத்தார். மிச்சம் ஒரே ஒரு சுற்று. புது டயர், பழைய டயரை முந்தியது. வெர்ஸ்டாப்பன் சாம்பியன். மூன்றாவதாக இருந்த சைன்ஸுக்கு முன்னால் நின்ற கார்களை யாரும் விலக்கவில்லை! மாஸியின் பதவி போனது. 'மனிதத் தவறு' என்று 2022-ல் அறிக்கை வந்தது. சாம்பியன் பட்டம் மட்டும் மாறவில்லை.

அதே 2022-ல் இத்தாலியின் மோன்ஸாவில், சேஃப்டி காருக்குப் பின்னாலேயே ரேஸ் முடிந்துபோனது. காசு கொடுத்து வந்த ஜனம் 'ஊ...' என்று கத்தித் தீர்த்தது. சப்பென்ற முடிவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே சட்டம்.

என் கட்சி இதுதான்: துரதிர்ஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். மழை, பஞ்சர் மாதிரி அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. க்யூ கலைந்ததற்காகப் பெரியவரையோ, தண்ணீர் தெளித்தவரையோ கோபிக்க முடியுமா? ஆனால் மறுபடி நிற்கும்போது போலீஸ்காரர் அஞ்சு பேரை மட்டும் 'நீங்க வாங்க சார்' என்று கூப்பிட்டால், சத்தம் போடத்தான் வேண்டும்.

ஹாமில்டனுக்கு எட்டாவது பட்டம் தவறியதைப் பற்றி டீக்கடையில் இன்னும் பத்து வருஷம் பேசலாம். க்யாலாமியில் சிலிண்டரோடு ஓடிய பையனுக்கு ஒரு நிமிஷம் டிராக் காலியாகக் கிடைத்திருந்தால், அவனும் எங்காவது உட்கார்ந்து அந்தச் சண்டையில் கலந்துகொண்டிருப்பான்.