சித்தூர் மேசையும் திருப்பதி பீடமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் வரை இரண்டும் ஒரே மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த மண்ணில் எந்த ஊர்த் தேவாலயத்திலும் நற்கருணை அல்லது திருவிருந்து என்ற வழிபாடு உண்டு. போதகர் அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டுக் கொடுப்பார். பிறகு திராட்சரசக் கிண்ணம் வரும். தாம் சிலுவையில் இறப்பதற்கு முந்தைய இரவு, சீடர்களோடு உண்ட கடைசி உணவில் இயேசு செய்தது இது. அப்பத்தைக் கொடுத்தபோது அது தம் உடல் என்றார், கிண்ணத்தைக் கொடுத்தபோது தம் இரத்தம் என்றார், தம்மை நினைத்து இதைச் செய்யச் சொன்னார்.

அந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? இந்தக் கேள்விக்குச் சித்தூரின் பழைய சபை ஒரு பதிலையும் திருப்பதியின் லுத்தரன் சபை வேறொரு பதிலையும் மரபாகப் பெற்றிருக்கின்றன. இரண்டு பதில்களும் கப்பலேறி வந்தவை.

சித்தூருக்கு வந்தது அமெரிக்க ஆற்காடு மிஷன். இலங்கையிலும் தமிழகத்திலும் பணியாற்றிய மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடரின் மகன்கள் மூவர் 1853இல் அதைத் தொடங்கினார்கள். அவர்களை அனுப்பிய சபை, நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் தொடங்கிய சீர்திருத்த சபை. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் போதனையில் ஊறியது. சித்தூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருப்பதிப் பக்கம் வந்தவர்களோ ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து 1860களில் புறப்பட்டுவந்த லுத்தரன் மிஷனரிகள். முதல் உலகப் போரை ஒட்டி ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. பொறுப்பை அமெரிக்காவின் ஒஹாயோ லுத்தரன் சபை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லுத்தரன் சபைக்கு இன்றும் தலைமையிடம் திருப்பதிதான்.

இந்த இரு மரபுகளும் பிரிந்த இடத்தையும் தேதியையும் துல்லியமாகச் சொல்ல முடியும். ஜெர்மனியின் மார்பர்க் கோட்டை, 1529 அக்டோபர் தொடக்கம். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கத்தின் தலைவர்களான மார்ட்டின் லுத்தரையும் சுவிட்சர்லாந்தின் உல்ரிச் ஸ்விங்லியையும் எதிரெதிரே உட்காரவைத்தார் ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப். பேச்சு தொடங்கும் முன்பே லுத்தர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, அப்பத்தைப் பற்றி இயேசு சொன்ன வாக்கியத்தை மேசைமேல் லத்தீனில் எழுதி, அதன்மேல் துணியைப் போர்த்திவைத்தார். ஸ்விங்லி ஆதாரம் கேட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். அந்தச் சொற்கள் உவமை என்றார் ஸ்விங்லி. சொன்னது சொன்னபடியே என்றார் லுத்தர். வரைந்த 15 கூற்றுகளில் 14க்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசிக் கூற்றில், கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்ற இடத்தில் மட்டும் உடன்பாடு எட்டவில்லை. சீர்திருத்த இயக்கம் அங்கேயே இரண்டாயிற்று.

கால்வின் அப்போது இருபது வயது மாணவர். பின்னாளில் அவர் மூன்றாவது வழியொன்றைச் சொன்னார்: கிறிஸ்துவின் உடல் விண்ணகத்தில் இருக்கிறது, ஆனால் விசுவாசத்தோடு உண்பவரைத் தூய ஆவி உண்மையிலேயே அவரோடு இணைக்கிறது. ஆற்காடு மிஷன் சித்தூருக்குக் கொண்டுவந்தது இந்தப் போதனையை.

இந்த வட்டாரத்தில் இந்த இரு மிஷன்களுக்கும் மூத்தவர்கள் கத்தோலிக்கர்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புங்கனூரில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் பணியாற்றினார்கள். கத்தோலிக்க நம்பிக்கையில் ஐயத்துக்கு இடமே இல்லை. குருவானவர் பீடத்தில் அந்தச் சொற்களைச் சொன்னதும் அப்பத்தின் உள்பொருள் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது. நிறம், சுவை, வடிவம் மட்டுமே பழையபடி இருக்கும். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சொன்ன இதை 1551இல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது. மீந்த நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டுவதும், பக்கத்தில் அணையா விளக்கு எரிவதும், கோவிலுக்குள் நுழைபவர் முழந்தாளிட்டு வணங்குவதும் இதனால்தான். பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளை வெள்ளை உடுப்போடு குடும்பமே கொண்டாடுகிறது. நன்மை வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது எதுவும் உண்ணக்கூடாது என்பது இன்றைய விதி. நள்ளிரவு முதலே வெறும் வயிற்றோடு இருந்த காலம் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும்.

லுத்தரன் நம்பிக்கை கத்தோலிக்கத்துக்கு அருகில் வந்து ஒரு படி விலகி நிற்கிறது. அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் அதோடு, அதனுள், அதன் கீழ் கிறிஸ்துவின் உடலும் மெய்யாகவே இருக்கிறது. எப்படி என்று ஆராய லுத்தர் விரும்பவில்லை. கிறிஸ்து சொன்னார், அதனால் நம்புகிறோம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பெந்தெகொஸ்தே சபைகளும் பாப்டிஸ்டு சபைகளும் பெரும்பாலும் ஸ்விங்லியின் பக்கம். அவர்களுக்கு இது நினைவுகூரல். அப்பத்தில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை, உண்பவரின் மனம்தான் இயேசு சிலுவையில் இறந்த கல்வாரிக்குப் போகிறது. சீக்கியராகப் பிறந்து கிறிஸ்தவரான பக்த் சிங் 1950இல் ஐதராபாத்தில் எப்ரோன் சபையை நிறுவி ஆந்திரமெங்கும் பரப்பிய கூட்டங்களில் ஞாயிறுதோறும் அப்பம் பிட்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் தரையில் பந்தி போட்டு எல்லாரும் சேர்ந்து உண்கிறார்கள்.

கொள்கை வேறுபாடு கையில் வாங்கும் பொருளிலும் தெரியும். கத்தோலிக்கக் கோவிலில் காகிதம்போல் மெல்லிய வட்ட அப்பம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் வீட்டில் சுட்ட, புளிப்பில்லாத சப்பாத்தி போன்ற ரொட்டியை ஆளுக்கொரு துண்டாகப் பிட்டுக்கொள்கிறார்கள். ரசத்துக்கும் பல வழிகள். கத்தோலிக்கருக்குப் புளித்த திராட்சை மது கட்டாயம். புராட்டஸ்டண்டு சபைகள் பலவற்றில் முந்தைய நாளே உலர்திராட்சையை ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி ரசம் தயாரிக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அந்தச் சட்டியைக் கிளறிக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் கோயில் பணியாளரோ போதகரின் மனைவியோதான்.

ஐரோப்பா அப்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று சண்டையிட்டது. நம் நாட்டில் எழுந்த சண்டை வேறு: கிண்ணத்தில் யார் வாய் முதலில் படுவது? 19ஆம் நூற்றாண்டின் தமிழ்ச் சபைகளில் உயர்சாதியார் தனியாக உட்கார்ந்தார்கள், முதலில் வந்து வாங்கினார்கள். தலித் கிறிஸ்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இந்த வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி போனது: பிற சாதியார் சமைத்த உணவை உண்ண மறுப்பவரைச் சபையில் சேர்க்கக்கூடாது. அதை ஏற்காமல் நின்றவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனரிகள். சாதி சமூக வழக்கம், காலப்போக்கில் கரையட்டும் என்பது அவர்கள் வாதம். ஆற்காடு மிஷன் போன்ற அமெரிக்க மிஷன்கள் சாதியில் கண்டிப்பாக இருந்தன.

இந்த இடத்தில், புதிய ஏற்பாட்டில் பவுலடிகள் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம் முக்கியமாகிறது. அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், ஏழைகள் பசித்திருந்தார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று கண்டித்தார் பவுல். அப்பத்தின் தன்மை பற்றிய தத்துவ விளக்கம் எதையும் அவர் அங்கே தரவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுபவர்கள் ஒரே உடல் என்பதைத்தான் வற்புறுத்தினார். மார்பர்க்கில் விவாதித்த இரு பெரும் அறிஞர்களைவிட, வரிசையில் கடைசியில் நின்ற தஞ்சாவூர்த் தலித் கிறிஸ்தவருக்கே இந்தக் கடிதம் நன்றாகப் புரிந்திருக்கும்.

பிரிந்தவர்கள் சேர முயன்ற வரலாறும் தென்னிந்தியாவுக்கு உண்டு. ஆற்காடு மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் ஆகியோர் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். நற்கருணை பற்றி ஒரே விளக்கத்தை அந்தச் சபை யார்மீதும் திணிக்கவில்லை. 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கு உலகெங்கும் பாராட்டப்பட்டது. அதில் சமாதானம் கூறும் முறை கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தது. போதகரிடமிருந்து வரும் சமாதானத்தை ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் கைகளைத் தம் இரு கைகளுக்குள் வாங்கிக் கடத்துகிறார்கள். அடுத்திருப்பவர் எந்தச் சாதி என்று பார்த்து அந்தச் சங்கிலியை அறுக்க முடியாது.

லுத்தரன் சபைகள் இந்த ஐக்கியத்தில் சேரவில்லை. 1948 முதல் பல ஆண்டுகள் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின, திருவிருந்தும் பேசுபொருள்களில் ஒன்று. ஆனால் ஒரே சபையாக இணைவது இன்றுவரை நடக்கவில்லை. இதற்கிடையே 1973இல் ஐரோப்பிய லுத்தரன், சீர்திருத்த சபைகள் லொயன்பர்க் உடன்படிக்கை செய்து ஒருவர் பீடத்தில் மற்றவர் பங்குபெறலாம் என்று ஏற்றன. 1997இல் அமெரிக்காவிலும் அதே நடந்தது. கையெழுத்திட்டவற்றில் ஒன்று ஸ்கடர் சகோதரர்களை அனுப்பிய சீர்திருத்த சபை. மற்றொன்று, ஒஹாயோ சபை காலப்போக்கில் கலந்துபோன, அமெரிக்காவின் நற்செய்தி லுத்தரன் சபை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் போதகர்களை அனுப்பிய இரண்டு தாய்ச்சபைகளும் 468 ஆண்டுப் பிணக்கைத் தீர்த்துக்கொண்டுவிட்டன.

கத்தோலிக்கத் திருச்சபையோடு பொதுப் பந்தி இப்போதைக்கு இல்லை, அவர்களின் திருச்சபைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் மற்ற இருவருக்கும் இடையே அந்தத் தடை இல்லை. பெரிய வியாழன் இரவு, இயேசு முதல் அப்பத்தைப் பிட்ட அந்த இரவில், ஆண்டுக்கு ஒரு முறையாவது சித்தூர் போதகரும் திருப்பதி போதகரும் ஒரே பீடத்தருகே நின்று இரு சபை மக்களுக்கும் கொடுக்கலாம். பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். யாராவது ஒருவர் முதலில் அழைக்க வேண்டும்.