காரம் முன்னே, அமிலம் பின்னே

உப்பும் நீரும் (தொடர் கட்டுரை: 9)

திருப்பூரில் நொய்யல் ஆற்றின் கரையில் சாயப்பட்டறைகள் பெருகிய வரலாற்றையும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கு ஆகாமற் போனதால் உழவர்கள் நீதிமன்றத்தை நாடிய வரலாற்றையும், கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகாத நிலையை எய்தும் வரையில் பட்டறைகளை மூடிவைக்குமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வரலாற்றையும் சென்ற வாரங்களில் விஸ்தாரமாகப் பார்த்தோம். தொழிலும் நின்றுவிடாமல் நதியும் கெட்டுவிடாமல் இருக்க வேண்டுமானால் சாயக்கழிவு நீரிலிருந்து உப்பைப் பிரித்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்டானபோது, அந்தப் பாரத்தில் பெரும்பங்கு ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) மெம்பரேன் என்னும் மெல்லிய சவ்வின் மேல் வந்து விழுந்தது. அந்தச் சவ்வு அழுக்கேறிவிட்டால் அதைக் கழுவுவது எப்படி என்பதே இவ்வாரத்து விஷயம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் கோடிக்கணக்கில் செலவிட்டு நிர்மாணித்த சுத்திகரிப்பு நிலையம் நன்றாக நடப்பதும் நொண்டுவதும் இந்த அற்ப விஷயத்தைப் பொறுத்தே இருக்கின்றன என்பதை அங்கே ஷிப்டு பார்க்கிறவர்கள் அனைவரும் அறிவார்கள்.

நீண்ட வெள்ளைக் குழாய்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும் மெம்பரேன் உருளை ஒவ்வொன்றும் பொதுவாக 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உடையது. அதை அறுத்துப் பிரித்தால் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் பரப்புள்ள சவ்வு வெளிப்படும். அத்தனை பரப்பிலும் உப்பை மறிக்கும் காரியத்தைச் செய்வது மேற்புறத்திலுள்ள பாலிஅமைடு படலம் ஒன்றுதான். அதன் கனம் 0.2 மைக்ரான் அளவே. அடியிலிருக்கும் பாலிசல்போனும் பாலியஸ்டர் துணியும் அதைத் தாங்குவதற்கென்று ஏற்பட்டவை.

இந்தப் படலத்தின் சுபாவத்தை அறியாதவர் அதைக் கழுவத் துணியலாகாது. 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டிலிருந்து அங்கே சென்ற ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து செய்த சவ்வு செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது; 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு உவர்நீரைக் குடிநீராக்கித் தந்தது அந்த இனத்துச் சவ்வே. அது குளோரினை ஓரளவு சகித்துக்கொள்ளும். காரத்தையும் கடும் அமிலத்தையும் சகியாது. 1970களின் பிற்பகுதியில் ஜான் கடோட் கண்ட பாலிஅமைடு சவ்வோ இதற்கு நேர் விரோதமான குணம் வாய்ந்தது. பி.ஹெச். 2க்கு இறங்கினாலும் 12க்கு ஏறினாலும் சில மணி நேரம் அசையாமல் நிற்கும் அது, குளோரின் பட்டால் மட்டும் மீளாத சேதம் அடைந்துவிடும். கிருமிகளை அழிக்க மனிதன் அறிந்தவற்றுள் மலிவான ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு, அதற்கு ஈடாக அமிலத்தையும் காரத்தையும் நம் கையில் கொடுத்தது இந்தச் சவ்வு. இன்று நாம் செய்யும் கழுவும் முறை முழுவதும் இந்தப் பண்டமாற்றிலிருந்து பிறந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

சாயக்கழிவு நீர் ஆர்.ஓ.வை அடைவதற்கு முன் உயிரியல் தொட்டி, மணல் வடிகட்டி, ரெசின், 5 மைக்ரான் காட்ரிட்ஜ் ஃபில்டர் ஆகிய பல வாயில்களைக் கடந்து வருகிறது. அப்படியிருந்தும் அழுக்கு உள்ளே நுழைந்துவிடுகிறது. நுண்சேறும், சாயத்தின் மிச்சமும், நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் வழுவழுப்பான படலமும் முதல் வரிசை உருளைகளிலேயே பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன. சுண்ணாம்புப் படிவும் சிலிக்காவும் கடைசி வரிசையில்தான் தலைகாட்டும். நல்ல நீர் வழியெல்லாம் பிரிந்துபோக, எஞ்சிய நீரில் உப்பு நெருங்கி நெருங்கி, கரைந்து நிற்க இடமின்றி வெளிப்படும் ஸ்தலம் அதுவே. ஆகவே நோய் இன்னதென்று தெரியாத சமயத்தில், அநுபவசாலியான ஆப்பரேட்டர் முதல் உருளை ஒன்றையும் கடைசி உருளை ஒன்றையும் வெளியே இழுத்து, நீரை வடியவிட்டுத் தராசில் வைக்கிறார். புது உருளையின் எடையைவிட எது வெகுவாகக் கனக்கிறதோ அதன் வயிற்றில் படிவு இருக்கிறது. முதல் உருளையின் முகப்பை விரலால் தடவி முகர்ந்து பார்ப்பதும் உண்டு. வழுக்கலும் துர்நாற்றமும் இருந்தால் ஆய்வுக்கூடத்து அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எப்போது கழுவுவது என்பதில்தான் பெரும்பாலான நிலையங்கள் தவறுகின்றன. நல்ல நீரின் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தாலோ, உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 15 சதவீதம் கூடினாலோ கழுவிவிட வேண்டும் என்பது மெம்பரேன் செய்கிறவர்கள் கூறும் விதி. ஆனால் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பலாகாது. நீரின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சவ்வின் வழியே செல்லும் நீர் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. மே மாதத்தில் 34 டிகிரியில் வந்த நீர் மார்கழியில் 27 டிகிரியில் வந்தால், அழுக்கே இல்லாத சவ்விலும் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு விழுந்துவிடும். அதைக் கண்டு கலங்கி அநாவசியமாகக் கழுவுகிறவர்கள் உண்டு. இதைக் காட்டிலும் ஆபத்தானது கோடைகாலம். சவ்வு அடைபட்டுக்கொண்டே வந்தாலும் நீரின் சூடு அந்தக் குறையை ஈடுசெய்து மறைத்துவிடுவதால், ரிஜிஸ்டரில் எல்லாம் க்ஷேமமாகவே காணப்படும். வெப்பத்துக்குத் தக்கபடி எண்ணைத் திருத்தி எழுதும் சிறு கணக்கைத் தினமும் போட்டு வருகிற ஆப்பரேட்டர் ஒருவர் இருந்தால், அந்த நிலையத்துக்கு ரசாயனச் செலவு பாதியாகக் குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கழுவும் தினத்தன்று தனித் தொட்டி, தனிப் பம்பு, தனி ஃபில்டர் ஆகியவற்றைக் கொண்ட, உருளைகளை இருந்த இடத்திலேயே கழுவும் சி.ஐ.பி. அமைப்பு இயங்கத் தொடங்குகிறது. கரைசலைக் கலக்க ஆர்.ஓ.விலிருந்து வந்த நல்ல நீரையே எடுக்க வேண்டும். கடின நீரில் காரத்தைக் கொட்டினால் அந்த நீரிலுள்ள சுண்ணாம்பே புதிய படிவாக இறங்கிவிடும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ காஸ்டிக் சோடா, அத்துடன் சுண்ணாம்பைப் பற்றி இழுக்கும் இ.டி.டி.ஏ. உப்பு பத்துக் கிலோ கலந்து, பி.ஹெச். 12ஐத் தாண்டாமலும் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்வது அவசியம். முதலில் மெதுவாகச் செலுத்துகிறார்கள். திரும்பி வரும் முதல் கரைசல், அது கழுவிக்கொண்டு வந்த சாயத்துக்குத் தக்கபடி, கரும்பழுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். அதைத் தொட்டிக்குள் திரும்ப விடாமல் ஐந்தில் ஒரு பங்குவரை அப்புறப்படுத்திவிட வேண்டும். பின்பு சிறிது நேரம் சுற்றவிட்டு, பம்பை நிறுத்தி, ஒரு மணி நேரமோ இரவு முழுவதுமோ ஊறவைத்து, அதன் பிறகே குழாய் ஒன்றுக்கு மணிக்கு 9 கன மீட்டர் வீதம் வேகமாகச் செலுத்துகிறார்கள். அழுத்தம் மட்டும் குறைவாகவே இருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் நீர் சவ்வினூடே புகுந்து, பெயர்ந்த அழுக்கை மறுபடியும் அதன்மேலேயே அப்பிவிடும். ஊறவைக்கும் இந்தப் பொழுதைத்தான் அவசரக்காரர்கள் முதலில் வெட்டுகிறார்கள். “ஊறாம எப்படிங்க வரும்? நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்று மேலதிகாரியிடம் சொல்லி அனுப்பிய ஓர் ஆப்பரேட்டரின் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காரத்தின் வேலை முடிந்து, நல்ல நீரால் அலசிய பிறகே அமிலத்தின் முறை வருகிறது. இந்த வரிசையை மாற்றினால் விபரீதம் நேரும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதுபோல, நுண்ணுயிர்ப் படலத்திலும் கரிமப் பொருளிலும் அமிலம் பட்டதும் அவை திரைந்து இறுகி, பின்னால் காரத்துக்கும் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு மட்டுமே படிந்திருக்கிறது என்று ஐயமற நிச்சயித்துக்கொண்டால் அமிலத்தை முன்னே விடலாம். சாயக்கழிவில் அத்தகைய பாக்கியம் வாய்ப்பது அரிது. அமிலமாக 2 சதவீத சிட்ரிக் அமிலத்தையோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ பயன்படுத்துவார்கள். விலை மலிவு என்று கந்தக அமிலத்தை ஊற்றினால், சுண்ணாம்பு கரைவதற்குப் பதிலாக ஜிப்சமாக மாறி உட்கார்ந்துகொள்ளும். சாயமிடக் கிளாபர் உப்பை (சோடியம் சல்பேட்) சேர்க்கும் பட்டறைகளின் கழிவில் சல்பேட் ஏற்கெனவே மிகுதி என்பதால் அங்கே ஜிப்சம் தானாகவே படிவதும் உண்டு. அதற்கு அமிலம் உதவாது, இ.டி.டி.ஏ. கலந்த காரமே கதி. அமிலம் சுற்றிக்கொண்டிருக்கையில் பி.ஹெச். மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கலாகாது. பி.ஹெச். 2ல் தொடங்கி இரண்டரைக்கு மேல் ஏறினால் சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். மேலும் அமிலம் சேர்க்க வேண்டும். ஏறுவது நின்றால் தின்பதற்கு ஒன்றுமில்லை.

எத்தனை கழுவினாலும் மீளாத சவ்வுகளும் இருக்கின்றன. அடைப்பை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு பம்பின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனவர்களின் உருளைகளில், உட்சுருள்கள் ஒன்றையொன்று தாண்டி முன்னே பிதுங்கி நிற்பதைக் காணலாம், அதற்கு மருந்தில்லை. குளோரின் தீண்டிய சவ்வின் கதை இன்னும் விசித்திரமானது. நீரில் எஞ்சும் குளோரினை முறிப்பதற்காகச் சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் செலுத்தும் சிறு பம்பு ஓரிரவு நின்றுபோயிருக்கும், அடுத்த சில நாட்களில் உற்பத்தி குறைவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்கும், முதலாளி மகிழ்வார். நல்ல நீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஏறிக்கொண்டே போவதைக் கவனித்த பிறகுதான், படலம் சிதைந்து உப்பு தாராளமாக உள்ளே வருகிறது என்பது புலனாகும்.

இனி, கழுவிய கரைசல் எங்கே போகிறது? வேறு ஊராக இருந்தால் பி.ஹெச்.சைச் சமனாக்கிச் சாக்கடையில் விட்டிருப்பார்கள். திருப்பூரில் வெளியே விட அனுமதி இல்லை. கார மிச்சத்தையும் அமில மிச்சத்தையும் ஒன்றோடொன்று கலந்து சமனாக்கி, சாயக்கழிவு வந்து சேரும் முதல் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். நுரைக்கும் ரசாயனம் ஏதேனும் கரைசலில் சேர்த்திருந்தால் உயிரியல் தொட்டி பொங்கி வழியும் என்பதால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறார்கள். அந்த உப்பும் சுற்றிச் சுற்றி ஆர்.ஓ.வுக்கே வந்து, சவ்வு ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் நீரோடு எவாப்பரேட்டருக்குப் போய்ச் சேருகிறது. அந்த எவாப்பரேட்டருக்கு நீராவி தரும் பாய்லர்கள் தின்னும் விறகின் கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)