நீரோட்டத்தில் நேர்வழி

ஆற்றின் கழிமுகத்தைப் படகில் கடக்கும் ஒருவர், எதிர்க்கரையிலுள்ள கோவிலுக்குச் செல்ல வேண்டும். படகின் முன்முனையைக் கோவிலை நோக்கித் திருப்பிச் செலுத்தினால் போதுமென்றே நம்மில் பலர் எண்ணுவோம். அசையாத நீரில் அது சரி. ஓடும் நீரில் அது பிழை. கடலோரப் பங்குகளில் வாழும் நம் சகோதரர்கள் இதை அனுபவத்தால் அறிவார்கள். ஏனையோரும் அறிந்துகொள்வது நலம்.

படகு நீரின்மேல் செல்கிறது. அந்த நீரோ தானும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இவ்விரு அசைவுகளும் சேர்ந்தே படகின் உண்மையான வழியை வகுக்கின்றன. கழிமுகத்தின் அகலம் 4 கிலோமீட்டர் என்று கொள்வோம். படகின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். குறுக்கே ஓடும் நீரின் வேகம் 3 கிலோமீட்டர். மூவர் புறப்படுகிறார்கள்.

முதலாமவர் முனையை நேர் குறுக்காகவே வைத்துச் செல்கிறார். 48 நிமிடத்தில் கரை சேர்கிறார். ஆனால் கோவிலுக்கு 2.4 கிலோமீட்டர் கீழே நிற்கிறார். இரண்டாமவர், நீர் தள்ளத் தள்ள முனையைக் கோவிலை நோக்கியே திருப்பிக்கொண்டிருக்கிறார். அவர் வழி வில்லாக வளைகிறது; இறுதியில் ஓட்டத்தை நேருக்கு நேர் எதிர்த்துப் போராடி, 75 நிமிடத்தில் சேர்கிறார். மூன்றாமவர் புறப்படும்போதே முனையை ஓட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 37 பாகை திருப்பி வைக்கிறார். பார்ப்பவருக்கு அவர் வேறெங்கோ போவதுபோல் தோன்றும். எனினும் படகு நேர்கோட்டில் நகர்ந்து, 60 நிமிடத்தில் கோவிலை அடைகிறது.

ஓட்டத்தின் வேகத்தை எவ்வாறு அறிவது? அது நாளுக்கு நாள் மாறும். நமது கிழக்குக் கடலோரத்தில் பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும் நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆதலால் படகோட்டி கரையில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்கிறார்: அருகே கோவில் கோபுரம், அதற்குப் பின்னே தொலைவில் மலைமுகடு. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்வரை வழி சரி. கோபுரம் முகட்டுக்கு இடப்புறம் விலகினால், படகு வலப்புறம் ஒதுங்கிவிட்டதென்று பொருள். உடனே இடப்புறம் திருப்ப வேண்டும். துறைமுகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டப்படும் இரு வழிகாட்டி விளக்குகளும் இவ்வாறே உதவுகின்றன.

இன்று செயற்கைக்கோள் கருவி படகின் உண்மையான வழியைக் காட்டுகிறது. திசைகாட்டியோ முனை நோக்கும் திசையைக் காட்டுகிறது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு, படகு எவ்வளவு ஒதுக்கப்படுகிறதென்பதைத் தெரிவிக்கும். ஆயினும் மின்கலம் தீர்ந்த இரவில் பழைய அறிவே துணை.

அடையாளம் யாவும் மறைந்தால் என்ன நேரும்? அப்போஸ்தலர் பணி நூலின் 27-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். புனித சின்னப்பர் ஏறிச்சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர். சூரியனும் விண்மீன்களும் பல நாள் தென்படாமல், கப்பல் புயலில் அலைக்கழிந்தது. பதினான்காம் இரவில் மாலுமிகள் ஆழம் பார்த்தார்கள்: முதலில் 20 பாகம், சற்றுத் தொலைவில் 15 பாகம். தரை நெருங்குவதை உணர்ந்து, பின்புறமிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி விடியலுக்குக் காத்திருந்தனர். கப்பல் உடைந்தது, உயிர்கள் அனைத்தும் பிழைத்தன.

நம் இல்லங்களையும் ஓட்டங்கள் இழுக்கின்றன. குடி, கடன், பிறரைப் பார்த்து ஆசைப்படுதல் ஆகியவை ஓசையின்றித் தள்ளுபவை. நல்லெண்ணம் மட்டும் கொண்டு புறப்படும் குடும்பம், முதலாம் படகோட்டியைப்போல் வேறிடத்தில் கரையேறும். தள்ளப்பட்ட பின்பே திருந்த முயலும் குடும்பம், இரண்டாமவரைப்போல் களைத்துச் சேரும். இழுக்கும் திசையை முன்கூட்டியே அறிந்து, அதற்கு எதிராகச் சிறிது சாய்ந்து நிற்பதே விவேகம். அயலார் அதை விந்தையாகக் கருதினாலும் கவலை வேண்டாம். அருகிலுள்ள அடையாளம் நம் மனச்சான்று. தொலைவில் அசையாது நிற்பது நற்செய்தி. இரவு செபத்துக்குக் கூடும்போது, இவ்விரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்வோம்.